கீழே படுப்பவனைக் கேளுங்கள்: மரச்சட்ட வீட்டில் ஆறு ஆண்டுகள்

சித்தப்பா மகன் போன மாதம் தன் மகளைப் பார்க்க இங்கே சிங்கப்பூரில் உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போனவன், அங்கே கையா கட்டடத்துக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வாசலிலிருந்தே என்னைத் தொலைபேசியில் அழைத்தான். "அண்ணா, ஆறு மாடி, அண்ணாந்து பார்த்தால் எல்லாம் மரம். நானும் பழைய வீட்டை இடித்துவிட்டு இப்படித்தான் கட்டப்போகிறேன். உங்கள் வீடும் மரம்தானே, எப்படி இருக்கிறது?"

அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் எங்கள் வீட்டுக் கீழ்த்தள உட்கூரையை அறுத்துத் திறந்திருந்தார்கள். ஏணியில் நின்ற ஆளுக்கு நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். தலைமுடியெல்லாம் ஜிப்சம் தூள். "நாளைக்குப் பேசுகிறேன்" என்று வைத்துவிட்டேன். அந்த நாளை இன்றுதான் வந்திருக்கிறது. அவனுக்குச் சொல்ல வேண்டியதை எழுதியே வைத்துவிடலாம், இன்னும் இரண்டு பேர் இதே கேள்வியோடு காத்திருக்கிறார்கள்.

எங்களுடையது முழு மரவீடு அன்று. பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்கிடும் பழைய இரட்டை வீடு. கீழ்த்தளம் பழைய செங்கல்லும் கான்கிரீட்டுமாகவே இருக்கிறது. 2019இல் அதன் மேல் மாடி எடுத்தபோது, தூண், உத்தரம், குறுக்குச்சட்டம், கூரை எல்லாம் மரம். ஐரோப்பிய ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரப் பலகைகளை அடுக்கி ஒட்டிய பருத்த சட்டங்கள். மழை நேரடியாக அடிக்கும் முன்பக்கத் தூண்கள் இரண்டு மட்டும் பலாவ் என்னும் வன்மரம். ஏன் மரம் என்றால், பொறியாளர் பழைய அடித்தளத்தைப் பார்த்துவிட்டு, கான்கிரீட் மாடி என்றால் புதிதாகப் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக ஊன்றும் அடித்தளத் தூண்கள், இறக்க வேண்டும், மரம் என்றால் வேண்டாம் என்றார். 150 மி.மீ. கனமுள்ள கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 360 கிலோ. எங்கள் மரத்தளம் சட்டம், பலகை, ஜிப்சம் எல்லாம் சேர்த்தும் 60 கிலோவைத் தாண்டாது. எடை குறைவு. இந்த இரண்டு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் கத்தப்போவதும் இதை வைத்துத்தான்.

முதலில் புகழ வேண்டியதைப் புகழ்ந்துவிடுகிறேன். சட்டங்கள் வெளியே பட்டறையிலேயே அறுத்து, துளையிட்டு, எண் எழுதி வந்தன. ஆறு நாளில் எலும்புக்கூடு நின்றுவிட்டது. ஏழாம் நாள் எதிர்வீட்டு அம்மையார் வந்து, "சத்தம் எப்போது ஆரம்பிக்கும்? அந்த நாட்களில் நான் மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பார்க்கிறேன்" என்று கேட்டார். பாதி முடிந்துவிட்டது என்றதும் அவர் நம்பவில்லை. (ஓடு, குழாய், மின்கம்பி என்று மிச்ச வேலை நான்கு மாதம் இழுத்தது வேறு கதை. அதற்கு மரம் பொறுப்பில்லை.)

அடுத்தது இரவு. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. எங்கள் மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் வெயில் தின்னும். கீழ்த்தளத்தில் அந்தச் செங்கல் சுவரில் இரவு பத்து மணிக்கு உள்ளங்கையை வைத்தால், சற்றுமுன் இறக்கிய தோசைக்கல்லின் விளிம்பைத் தொட்டதுபோல இருக்கும். விடிய விடிய அந்தச் சூட்டை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். மாடியில் அதே திசைச் சுவர் எட்டு மணிக்கே ஆறிவிடுகிறது. மரமும் அதற்குள் திணித்த பஞ்சும் சூட்டைச் சுலபத்தில் கடத்துவதில்லை. சேர்த்து வைத்துக்கொள்ளும் கனமும் அவற்றுக்கு இல்லை. சன்னலைத் திறந்தால் வெளிக்காற்றின் குளிர்ச்சி அப்படியே உள்ளே. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிற்பகல் மூன்று மணிக்கு மாடி அதே வேகத்தில் சூடேறும். நீண்ட கூரைத் தாழ்வாரம் இல்லாமல் இந்த ஊரில் மரவீடு கட்டுகிறவர் அடுப்பைக் கட்டுகிறார்.

தீயைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் கேட்டது அம்மா. "மறுபடியும் பலகை வீடா?" என்றார். அவர் 1961 மே 25ஆம் தேதி தஞ்சோங் பகாரில் நின்றுகொண்டு புக்கிட் ஹோ சுவீ எரிந்த புகையைப் பார்த்தவர். அத்தாப்பு என்னும் ஓலைக்கூரையும் பலகையுமான கம்பம், அதாவது குடியிருப்புக் கிராமம், ஒரே நாளில் சாம்பலாகி, ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அந்தத் தலைமுறைக்குக் கான்கிரீட் என்பது வெறும் கட்டுமானப் பொருளன்று. பருத்த சட்டம் வேறு, மெல்லிய பலகை வேறு என்று பொறியாளர் அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினார். பருத்த மரம் நிமிடத்துக்கு 0.65 மி.மீ. அளவில்தான் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வை, அரை மணி எரிந்தாலும் 20 மி.மீ. போகும், மிச்சம் கூரையைத் தாங்கும். மெல்லிய குறுக்குச்சட்டங்களுக்கு இந்தப் பெருமை கிடையாது. அவற்றுக்குத்தான் கீழே தீத்தடுப்பு ஜிப்சம் இரண்டடுக்கு. அம்மா கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்றால், குடிவந்த முதல் வாரமே தீயணைப்பான் ஒன்று வாங்கித் தன் கட்டிலருகே வைத்துக்கொண்டார்.

கரையான் விஷயத்தை இரண்டு வரியில் முடிக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை ஆள் வந்து கீழ்த்தளச் சுவரோரம் மண்பாதை ஏறுகிறதா என்று பார்க்கிறார், காசு வாங்கிக்கொண்டு போகிறார். இதுவரை ஏறவில்லை. மகள், ஒரு கன மீட்டர் மரத்துக்குள் முக்கால் டன்னுக்கு மேல் கரியமில வாயு அடைபட்டிருக்கிறது என்று விருந்தினரிடமெல்லாம் சொல்வாள். சொல்லட்டும்.

இனி என் கோபம்.

முதல் மூன்று ஆண்டுகள் நானும் மனைவியும் மாடியில் படுத்தோம். அந்த மூன்று ஆண்டுகளில் இந்த வீட்டைப் பற்றி நான் எழுதியிருந்தால் அது கவிதையாக இருந்திருக்கும். 2022இல் மனைவியின் முட்டி படியேற மறுத்தது. நாங்கள் கீழே வந்தோம், மகள் குடும்பம் மேலே போனது. பேரன் அப்போது நடக்கப் பழகியிருந்தான். இப்போது நான்கு வயது. அவன் நடப்பதில்லை.

'தொம்'. அதுதான் சத்தம். கீச்சென்ற சத்தம் அன்று. பாத்திரம் விழுவது, நாற்காலி இழுப்பது எல்லாம் விரிப்புப் போட்டதும் அடங்கிவிட்டன. இது அடிவயிற்றில் விழும் சத்தம். குதிகால் பலகையில் படும்போதெல்லாம் எங்கள் அறையே ஒரு மத்தளம். 15 கிலோகூட இல்லாத பிள்ளை, காலை 6.10க்கு, படுக்கையிலிருந்து சன்னல்வரை ஏழு 'தொம்', திரும்ப ஏழு. நான் எண்ணியிருக்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருபது ஆண்டு இருந்தோம், மேல்வீட்டுக்காரர் மசாலா இடிப்பார், அதுகூட இப்படி இருந்ததில்லை.

காரணம் எளிது. கனமான தளத்தைக் குதிகாலால் அசைக்க முடியாது, இலேசான தளம் அசையும். எந்த எடைக்குறைவு பைல் செலவை மிச்சம் பிடித்ததோ, ஆறு நாளில் வீட்டை நிறுத்தியதோ, இரவில் சுவரை ஆற்றுகிறதோ, அதே எடைக்குறைவுதான் காலை 6.10க்கு என்னை எழுப்புகிறது. பலகைக்கு மேல் 50 மி.மீ. சிமெண்டுப் பூச்சு போட்டு, உட்கூரையை ரப்பர் கொக்கிகளில் தொங்கவிட்டிருந்தால் பெரும்பகுதி அடங்கியிருக்கும். வரைபடத்தில் இரண்டும் இருந்தன. வீட்டைக் கட்டிக்கொடுத்த குத்தகையாளர், "வீட்டுக்குள் யார் குதிக்கப்போகிறார்கள்?" என்று சிரித்தார், சில ஆயிரம் வெள்ளி குறைத்தார், நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். ஆகவே அவரைத் திட்டும்போது பாதிக்குமேல் என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன்.

உட்கூரையை அறுக்க வந்தது இதற்காகவன்று. மாடிக் குளியலறைக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தேநீர்க்கறை தெரிந்தது. திறந்து பார்த்தால், குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் நீர்க்காப்புப் பூச்சு பிளந்திருக்கிறது. சொட்டு சொட்டாக எத்தனை மாதமோ. ஏணியில் நின்றவர் திருப்புளியை எடுத்துக் குறுக்குச்சட்டத்தின் நுனியில் குத்தினார். அடுத்தடுத்த சட்டங்களில் முனைகூட இறங்கவில்லை. இதில் கேக்கில் இறங்குவதுபோல இறங்கியது. ஈரமானியை வைத்தார், 27. இந்த ஊர்க் காற்றில் மரம் 15, 16 விழுக்காட்டு ஈரத்தோடு நிம்மதியாக இருக்கும். 20ஐத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கான்கிரீட்டில் இந்தக் கசிவு வந்திருந்தால் கறையைத் துடைத்துவிட்டு இன்னும் ஓர் ஆண்டு சண்டை போட்டுக்கொண்டிருப்போம். மரம் அவ்வளவு காலம் காத்திருக்காது. ஆனால் பாருங்கள், கெட்ட நுனியை அறுத்தெடுத்து, பக்கத்திலேயே புதுச்சட்டம் ஒன்றைச் சேர்த்துப் போல்ட்டு முடுக்கி இரண்டே நாளில் வேலை முடிந்தது. உடைக்கும் இயந்திரம் இல்லை, புழுதி மேகம் இல்லை. பழுது பார்ப்பதில் மரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை, இதையும் எரிச்சலோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

தம்பி, 2023இல் திறந்த அந்தக் கையா கட்டடத்தில் நீ உத்தரங்களை அண்ணாந்து பார்த்தாய். கழிப்பறைக்குப் போனாயா? 43,500 சதுர மீட்டர் கட்டடத்தில் கழிப்பறைகளும் தரைத்தளமும் வெளிப்படிக்கட்டுகளும் கான்கிரீட். ஜப்பானின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் தோயோ இத்தோ வடிவமைத்த கட்டடத்துக்கே தண்ணீர் புழங்கும் இடத்தில் கான்கிரீட் என்றால், உன் வீட்டுக்கு என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை அவன் நேரிலேயே வந்துவிட்டான். எங்கள் அறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். மேலே பேரன் தன் வேலையைத் தொடங்கினான். தம்பி கோப்பையை வைத்துவிட்டு மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கட்டாதே" என்றேன்.

"அப்படியானால் நீங்கள் விற்கப்போகிறீர்களா?"

"விற்பதாவது! மாடியில் இரவு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார், பிறகு கேள்."

"என்ன அண்ணா, கட்டாதே என்கிறீர்கள், விற்கமாட்டேன் என்கிறீர்கள்."

எனக்கும் பதில் சரியாக வரவில்லை. அம்மாவைக் கேட்கச் சொன்னேன். அடுத்த அறையில் படுக்கும் அம்மாவுக்கு 84 வயது, காது மந்தம். பலகை வீடா என்று கேட்டவர்தான் இப்போது இந்த வீட்டை மனமாரப் புகழும் ஒரே ஆள். "சத்தமே இல்லாத வீடுடா" என்று அவனிடம் சொன்னார்.

குளியலறைப் பக்கம் உட்கூரை எப்படியும் திறந்துதான் கிடக்கிறது. ஆகவே எங்கள் அறையிலும் அதைப் பிரித்து ரப்பர் கொக்கியில் தொங்கவிடப் புதுக் குத்தகையாளர் ஒருவரிடம் விலை கேட்டிருக்கிறேன். உயரம் ஒன்பது சென்டிமீட்டர் குறையும் என்கிறார். மின்விசிறி தலையில் இடிக்கும் என்று மனைவி மறுக்கிறாள். விசிறித் தண்டை வெட்டிக் குட்டையாக்கித் தருவதாக அவர் சொல்கிறார். வியாழக்கிழமை அளக்க வருகிறார், காலை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.