எர்டிகா சிஎன்ஜி: மூன்று வருடத்துக்கு மேல் ஓட்டிய பிறகு

எங்கள் வீட்டில் ஆறு பேர். நான், மனைவி, அப்பா, அம்மா, பள்ளிக்குப் போகும் மகள், 2022-ல் கைக்குழந்தையாக இருந்த மகன். அதுவரை இருந்தது பழைய ஆல்டோ. மகன் பிறந்த பிறகு குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் யாராவது ஒருவர் வீட்டில் தங்க வேண்டும், இல்லையென்றால் வாடகை வண்டி சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்த வருடம் மாருதியின் ஏழு சீட்டு வண்டியான எர்டிகாவில் விஎக்ஸ்ஐ என்ற வகையை, சிஎன்ஜியில் (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு, பெட்ரோலிலும் ஓடும்) எடுத்தோம். புக் பண்ணிப் பல மாதம் காத்திருந்த பிறகுதான் வண்டி வந்தது. வீடு சேலத்தில், வேலை சங்ககிரியில். அதனால் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓட்டம், மாதம் 2,000 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

எடுக்கும் முன் ரெனோ ட்ரைபரையும் கியா கேரன்ஸையும் பார்த்தோம். ட்ரைபர் நல்ல யோசனையோடு செய்த வண்டி. 4 மீட்டருக்குள் 7 சீட்டு, கடைசி வரிசையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். ஆனால் 1 லிட்டர் எஞ்சின், 70 சொச்சம் குதிரைத்திறன். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஏறுவதை நினைத்துப் பார்த்து விட்டுவிட்டோம். கேரன்ஸில் உட்கார்ந்ததும் அம்மாவுக்குப் பிடித்துப்போனது, எங்கள் பட்ஜெட்தான் அதுவரை எட்டவில்லை. எர்டிகாவில் 1.5 லிட்டர் நாலு சிலிண்டர் எஞ்சின், ஊருக்கு ஊர் மெக்கானிக், சேலத்திலேயே தாராளமாகக் கிடைக்கும் ஸ்பேர். முடிவு சுலபமாகவே இருந்தது.

பெட்ரோலா சிஎன்ஜியா என்பதுதான் உண்மையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம். இதில் நிறையப் பேர் பார்க்காமல் விடுகிற கணக்கு ஒன்று இருக்கிறது. நாங்கள் எடுத்தபோது ஷோரூமில் “சிஎன்ஜிக்கு 95,000 ரூபாய்தான் கூட” என்றார்கள். அது ஷோரூம் விலையில் உள்ள வித்தியாசம் மட்டும். அப்போது விஎக்ஸ்ஐ பெட்ரோல் வண்டியின் விலை 10 லட்சத்துக்குக் கீழே நின்றது, அதே வகை சிஎன்ஜி 10 லட்சத்தைத் தாண்டியது. தமிழ்நாட்டில் சாலை வரி மாறுகிற கோடும் அந்த 10 லட்சம்தான். நாங்கள் எடுத்தபோது 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15. 2023 நவம்பரில் வரியை உயர்த்திய பிறகு 5 முதல் 10 லட்சம் வரை 13, அதைத் தாண்டினால் 18. ஆக எங்களுக்கு வரியிலேயே இன்னொரு 60,000 ரூபாய்க்கு மேல் கூடியது. வரியும் சேர்த்த ஆன்ரோடு விலையில் வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

இந்த ஒன்றரை லட்சம் எப்போது திரும்பி வரும்? எனக்கு நெடுஞ்சாலையில் ஒரு கிலோ கேஸுக்கு 25 கிலோமீட்டர் கிடைக்கிறது. நிதானமாக 80-ல் போனால் இன்னும் கொஞ்சம் கூட வரும். கம்பெனி சொல்வது 26.11. பெட்ரோலில் ஓடும்போது அதே சாலையில் 18 வருகிறது. கேஸ் கிலோ 90 ரூபாய், பெட்ரோல் லிட்டர் 101 என்று வைத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 2 ரூபாய் மிச்சம். அப்படியானால் 75,000 கிலோமீட்டர் ஓடினால்தான் போட்ட கூடுதல் பணம் கைக்கு வரும். எனக்கு அது மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேல், இப்போதுதான் அந்த இடத்துக்கு வந்திருக்கிறோம். ஆத்தூரில் இருக்கும் என் மச்சான் மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டினாலே அதிகம். ஊருக்குள் ஓட்டினால் கிலோமீட்டருக்கு மிச்சமாவது 2 ரூபாய் 70 காசு வரை போகும். அப்படிப் பார்த்தாலும் அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் அவரிடம் பெட்ரோலையே எடுக்கச் சொன்னேன், எடுத்திருக்கிறார். மாதம் 1,500 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கேஸ் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன்.

அப்புறம் பங்க். நல்ல பிரஷர் உள்ள பங்க் உங்கள் தினசரி வழியிலேயே இருக்க வேண்டும். கேஸுக்காகத் தனியாக ஐந்தாறு கிலோமீட்டர் சுற்றிப் போகிறவர்களுக்கு மிச்சத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். சிலிண்டரின் கொள்ளளவு தண்ணீர்க் கணக்கில் 60 லிட்டர். கேஸை 200 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். முழு அழுத்தம் கிடைத்தால் எனக்கு எட்டரை, ஒன்பது கிலோ ஏறுகிறது. குழாய் வழியாகக் கேஸ் வருகிற பங்கில் பெரும்பாலும் அந்த அழுத்தம் இருக்கும். லாரியில் சிலிண்டர் அடுக்கிக் கொண்டுவந்து போடுகிற பங்கில், லாரி காலியாகிற நேரத்தில் போனால் ஆறு கிலோவிலேயே நின்றுவிடும். அந்தப் பங்குகளில் லாரி எப்போது வருகிறது என்று ஊழியர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு போவது நல்லது. வெயில் நேரத்தில் சிலிண்டர் சூடாக இருந்தால் அழுத்தம் சீக்கிரம் ஏறிவிடும், உள்ளே போகிற எடை குறையும். காலை ஆறு மணிக்குப் போட்டால் அதே பங்கில் அரைக் கிலோவாவது கூட ஏறுகிறது.

கேஸ் போடும்போது வண்டியில் இருக்கும் அத்தனை பேரும் இறங்க வேண்டும். தனியாக ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை, குடும்பத்தோடு போகும்போது பெரிய விஷயம். திருச்செந்தூருக்கு மகனுக்கு மொட்டை போடப் போனோம். முழுச் சிலிண்டருக்கு 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும் என்பதால் மதுரை தாண்டுவதற்குள் ஒரு முறை போட்டாக வேண்டும். உச்சி வெயிலில் வரிசை. எங்கள் முறை வந்ததும் பங்க் பையன், “அம்மா, எல்லாரும் கொஞ்சம் இறங்கிக்கோங்க” என்றான். அம்மாவுக்கு முழங்கால் வலி, மகன் அப்போதுதான் தூங்கியிருந்தான். “குழந்தையைக்கூடவா சாமி எழுப்பணும்?” என்று அம்மா கேட்டார். எழுப்பித்தான் ஆக வேண்டும், அது பாதுகாப்பு விதி. அதற்குப் பிறகு பெரியவர்களோடு நீண்ட பயணம் போனால் கிளம்பும்போது போட்ட கேஸ் தீர்ந்ததும் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிடுகிறேன். பெட்ரோல் டேங்கும் 45 லிட்டர், முழு அளவுதான். செலவு கொஞ்சம் கூடினாலும் வீட்டாருக்கு நிம்மதி.

இப்போது சீட்டு. நடு வரிசைதான் இந்த வண்டியின் உயிர். வாசலின் உயரம் பெரியவர்களுக்கென்றே அளந்த மாதிரி இருக்கிறது. குனியவும் வேண்டாம், காலைத் தூக்கி ஏறவும் வேண்டாம், அப்படியே உட்கார்ந்து உள்ளே திரும்பிவிடலாம். அப்பாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆன பிறகு இதன் அருமை எங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்தது. சீட்டு முன்னும் பின்னும் நகரும், முதுகும் சாயும்.

சைல்டு சீட்டு பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. நடு வரிசையில் இரண்டு ஓரத்திலும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறது, சைல்டு சீட்டு அழுத்தமாக உட்காரும். ஆனால் கடைசி வரிசைக்குப் போக நடு சீட்டை மடக்கி முன்னால் தள்ள வேண்டும். சைல்டு சீட்டு மாட்டிய பக்கம் அதைச் செய்ய முடியாது. இடது பக்கம் மாட்டினால் பின்னால் போகிறவர்கள் வலது கதவு வழியாக, அதாவது வண்டிகள் பறக்கிற ரோட்டுப் பக்கமாக ஏற வேண்டும். அதனால் டிரைவருக்குப் பின்னால் மாட்டி, இடது பக்கத்தை வழியாக வைத்திருக்கிறோம். டெஸ்ட் டிரைவ் போகும்போது உங்கள் சைல்டு சீட்டையும் எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள்.

கடைசி வரிசை மகளுக்குச் சொந்தம். பெரியவர்கள் உட்காரலாம்தான், ஆனால் முழங்கால் மேலே தூக்கியபடி இருக்கும். ஒரு மணி நேரம் தாங்கும், நாலு மணி நேரம் தாங்காது. எங்கள் வண்டியில் பின்பக்க ஏசி கூரையில், நடு வரிசைக்கு மேலே இருக்கிறது. அதன் காற்று கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்போது பாதியாகிவிடும். பின் கண்ணாடிக்கு வெயில் திரை வாங்கி மாட்டிய பிறகு மகளின் புகார் குறைந்தது. 2025-ல் வந்த மாற்றத்தில் கடைசி வரிசைக்குத் தனியாக ஏசி வாய் கொடுத்திருக்கிறார்கள். எங்களைப் போலக் கோடை ஊரில் இருப்பவர்களுக்கு அது பெரிய வரம்.

டிக்கி விஷயத்தில் கறாராகவே சொல்லிவிடுகிறேன். மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் பெட்ரோல் வண்டியிலேயே 209 லிட்டர் இடம்தான். சிஎன்ஜியில் அந்த இடத்தில் சிலிண்டர் படுத்திருக்கிறது. அதன் மேல் துணிப் பை இரண்டு, மூன்று அடுக்கலாம், பெட்டி நிற்காது. ஏழு பேர், ஏழு பேரின் சாமான், கேஸ் சிலிண்டர் மூன்றும் ஒரே வண்டிக்குள் அடங்காது. நாங்கள் ஆறு பேர் என்பதால் கடைசி வரிசையில் ஒரு பாதியை மடக்கிச் சாமான் வைக்கிறோம், அது போதுமானதாக இருக்கிறது. எப்போதும் ஏழு பேர் போகிற குடும்பம் என்றால் பெட்ரோல் வகையை எடுங்கள், அல்லது ரூஃப் கேரியருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

மலை ஏற்றத்தில் கேஸ் கொஞ்சம் தளர்கிறது. கேஸில் 87 சொச்சம் குதிரைத்திறன், பெட்ரோலில் 100-ஐ ஒட்டி. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஆறு பேரோடும் ஏசியோடும் கேஸிலேயே ஏறியிருக்கிறோம். இரண்டாவது கியரில் இழுத்துவிடும், சில வளைவில் முதல் கியர் கேட்கும். கொல்லிமலையில் 70 வளைவு. அங்கே அடிவாரத்திலேயே சுவிட்சைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாற்றிவிடுவேன்.

பராமரிப்பில் பெரிய செலவு வரவில்லை. 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ். ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் தள்ளிப்போடாமல் மாற்றுகிறேன், கேஸ் வண்டிக்கு அது முக்கியம். வண்டி பெட்ரோலில் கிளம்பி, பிறகு தானாகக் கேஸுக்கு மாறும். அதனால் பெட்ரோல் டேங்கைக் காயவிடக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாளாவது கொஞ்ச தூரம் பெட்ரோலிலேயே ஓட்டுவேன். ஒருமுறை சர்வீஸ் முடிந்து வந்த வண்டி கேஸுக்கு மாறும்போது குலுங்கியது. பார்த்தால் ஃபில்டர் மூடி சரியாக உட்காரவில்லை. சர்வீஸ் சென்டரிலிருந்து கிளம்பும் முன், அவர்கள் ஆளையே பக்கத்தில் உட்கார வைத்துக் கேஸிலும் பெட்ரோலிலும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது என் வழக்கம் ஆகிவிட்டது.

சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம். சிலிண்டரைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தை விட அதிகமாகக் கொடுத்து அது எவ்வளவு விரிகிறது என்று அளப்பார்கள். அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அங்கீகாரம் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். சில ஆயிரம் ரூபாயும் வண்டி இல்லாத ஒன்றிரண்டு நாளும் ஆகும். தேதி தாண்டிவிட்டால் பங்கில் கேஸ் போட மறுப்பார்கள். அம்மாவுக்கு முதலில் சிலிண்டரைப் பற்றிப் பயம் இருந்தது. கேஸ் காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போய்விடும், சமையல் கேஸ் போலத் தரையில் தேங்காது என்று விளக்கியதோடு டெஸ்ட் சான்றிதழையும் காட்டினேன். அதன் பிறகு கேட்கவில்லை.

விபத்துப் பாதுகாப்புதான் எனக்கு இன்னும் மனதை உறுத்துகிற இடம். கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2019-ல் எர்டிகாவுக்கு ஐந்துக்கு 3 நட்சத்திரம் கொடுத்தது. விதிகளைக் கடுமையாக்கிய பிறகு, 2024-ல் ஆப்பிரிக்காவில் விற்கும் இந்தியத் தயாரிப்பு எர்டிகாவைச் சோதித்து, பெரியவர்கள் பாதுகாப்பில் 1 நட்சத்திரமே கொடுத்தது. இதைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். எங்கள் வண்டியில் ஏர்பேக் இரண்டுதான், 2025 முதல் எல்லா வகையிலும் ஆறு வருகிறது. எங்கள் வீட்டில் பின் சீட்டு உட்பட எல்லாரும் பெல்ட் போட்டால்தான் வண்டி நகரும். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது நான் வேகம் எடுப்பதில்லை. பாதுகாப்பு நட்சத்திரம்தான் உங்களுக்கு முதல் தேவை என்றால், இன்னும் சில லட்சம் சேர்த்து வேறு வண்டி பார்ப்பது நியாயமான முடிவு.

பழைய எர்டிகா சிஎன்ஜி வாங்க நினைப்பவர்கள் கேஸ் மூடிக்குப் பக்கத்தில் உள்ள சிலிண்டர் பிளேட்டில் டெஸ்ட் தேதியைப் பாருங்கள். ஆர்சி புத்தகத்தில் எரிபொருள் பெட்ரோல், சிஎன்ஜி என்று இரண்டுமே பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்ரோல் என்று மட்டும் இருந்தால் அது வெளியே கேஸ் மாட்டிய வண்டி. ஆர்சியிலும் இன்சூரன்ஸிலும் அதைச் சேர்க்காத வண்டி என்றால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.