வீடியோ பாட்காஸ்டா, குரல் மட்டுமா? நாங்கள் கேமராவை எடுத்து வைத்த கதை

நானும் நண்பனும் பாளையங்கோட்டையில் பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் தொடராக வரும் பேச்சு நிகழ்ச்சி, தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. தொழில்நுட்பம், பத்திரிகை டிவி வேலைகள், மனசுக்குப் பிடித்தபடி வாழ்வது, மனநலம், இந்த நாலைச் சுற்றித்தான் பேச்சு. முதல் வருஷம் முழுக்க வீடியோ. போன சித்திரையில் இருந்து பெரும்பாலும் குரல் மட்டும். ஏன் கேமராவை விட்டீர்கள் என்று கேட்கிறவர்களும் உண்டு, புதிதாகத் தொடங்கப் போகிறோம், எதில் போகலாம் என்று கேட்கிற கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் குரல் பக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. குரலுக்கு இரண்டு காலர் மைக், ஒரு லேப்டாப், காசில்லாமல் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற குரல் எடிட்டிங் மென்பொருள் போதும். வீடியோ என்றால் லைட், ஸ்டாண்ட், இரண்டாவது போன், பின்னால் பார்க்கிற மாதிரி ஒரு சுவர். கோப்பின் அளவும் அப்படித்தான். ஒரு மணி நேரப் பேச்சை 128 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 குரல் கோப்பாக ஆக்கினால் 58 எம்பிக்குள் முடிந்துவிடும், அதே ஒரு மணி நேரத்தை 1080பி தரத்தில் வீடியோ எடுத்தால் எங்கள் போனில் ஏழெட்டு ஜிபி, அதுவும் ஒரு போனுக்கு. எடிட்டிங்குக்குக் குரலில் ஒரு சாயங்காலம், வீடியோவில் சனி ஞாயிறு இரண்டும் போய்விடும். சத்தத் தொல்லை இரண்டுக்கும் பொது. ரோட்டைப் பார்க்காத உள்ளறை, துணி அடைத்த பீரோ, ஃபேனை நிறுத்திவிட்டு வேர்வையோடு பேச்சு, தெருக்கோயிலில் கொடை நடக்கிற வாரம் ரெக்கார்டிங்கே கிடையாது.

வீடியோவின் பலத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் நாற்பது வயதைத் தாண்டிய ஆட்களிடம் பாட்காஸ்ட் என்றால் அது யூடியூபில் வருமா என்றுதான் கேட்பார்கள். கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலியையும் 2024-இல் மூடிவிட்டார்கள், அதில் கேட்டுப் பழகிய கொஞ்சம் பேரும் அப்புறம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டார்கள். எங்களைத் தெரியாத ஒருவர் எங்களைக் கண்டுபிடித்தது எல்லாமே யூடியூப் வழியாகத்தான், குரல் வழியாக வந்தவர்கள் யாரோ சொல்லி வந்தவர்கள். தொழில்நுட்பப் பேச்சுக்கும் படம் உதவும். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011-இல் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்ததற்குப் பிறகு சென்னை, பெங்களூருக்குப் போகாமல் தென்காசிப் பக்கமே மென்பொருள் வேலை பார்க்கிறவர்கள் உண்டு, அப்படி ஒருவர் திரையைக் காட்டிக்கொண்டே பேசினால்தான் முழுசாகப் புரிகிறது. வருமானத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். யூடியூபில் விளம்பரப் பங்கு முழுசாகக் கிடைக்க ஆயிரம் சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடிப் பார்வை). நாங்கள் அதைத் தொடவில்லை. தொட்டவர்கள் வேறு முடிவுக்கு வரலாம்.

சரி, இதையெல்லாம் தெரிந்துகொண்டே ஏன் மாறினோம் என்றால் ஒரே ஒரு காரணம்தான். வெளியிட்ட பிறகு ஒருவர் "அந்த இடத்தை எடுத்துவிடுங்கள்" என்று சொன்னால் என்ன செய்வது? மனநலம் பேசுகிற பாட்காஸ்டில் இந்தக் கேள்வி என்றைக்காவது வந்தே தீரும். எங்களுக்கு எட்டாவது மாதம் வந்தது.

சென்னையில் டிவி செய்திப் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு அண்ணாச்சி. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான், அடையாளம் மாற்றி எழுதுகிறேன்.) இரவு ஷிஃப்ட், தூக்கம் போனது, ஒரு நாள் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் போனது, மனநல மருத்துவரிடம் போனது, மாத்திரை எடுத்துக்கொண்டது எல்லாவற்றையும் அவ்வளவு நேர்மையாகச் சொன்னார். கேமரா முன்னால் சொன்னார். வெளியிட்டு மூன்று வாரம் கழித்து போன் வந்தது.

"தம்பி, தங்கச்சியப் பாக்க மாப்ள வீட்டுல இருந்து வாராவ. அந்த மாத்திரை பத்திப் பேசுனது மட்டும் இருக்க வேண்டாம், கேட்டீங்களா?"

அவர் வெட்கப்பட்டு அதைக் கேட்கவில்லை. தனக்காகவும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் யார் வீட்டு மகன் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், அந்த முகம் நாலு நிமிஷம் மாத்திரையைப் பற்றிப் பேசுகிறது, அதை யாரோ வாட்ஸப்பில் தங்கச்சியின் மாமியார் ஆகப்போகிறவருக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று அவர் யோசித்தார். யோசித்தது சரிதான்.

இங்கேதான் இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்கு உறைத்தது. யூடியூபில் ஏற்றிய வீடியோவை எடுத்துவிட்டு அதே சுட்டியில் வேறு கோப்பை வைக்க முடியாது. யூடியூப் ஸ்டுடியோ என்ற அதன் எடிட்டிங் பக்கத்துக்குள் போய் நடுவில் ஒரு துண்டை வெட்டலாம், முகத்தை மங்கலாக்கலாம், அவ்வளவுதான். வெட்டினோம். மாற்றம் வெளியே தெரியக் கொஞ்ச நேரம் ஆனது, அதுவரை பழையதுதான் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டியதற்கு அப்புறம் பார்த்தால், கையைத் தொடையில் வைத்திருந்த மனுஷன் அடுத்த நொடியில் கன்னத்தில் கை வைத்திருக்கிறார், தண்ணீர் டம்ளர் இடம் மாறியிருக்கிறது. அந்தக் குதிப்பைப் பார்த்துவிட்டு, "இந்த இடத்தில் என்ன சொன்னார், ஏன் வெட்டினீர்கள்?" என்று கமெண்ட் வந்தது. மறைக்கப் போன இடத்தையே விளக்கு போட்டுக் காட்டின மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் முழு வீடியோவையும் எடுத்துவிட்டோம். அதற்குக் கீழே மற்றவர்கள் தங்கள் தூக்கமின்மையைப் பற்றி எழுதியிருந்த கமெண்டுகளும் சேர்ந்தே போனது. அதில்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

குரலில் அப்படி இல்லை. ஒரு வாக்கியம் முடிந்து மூச்சு வாங்குகிற இடத்தில் வெட்டி, இன்னொரு மூச்சில் ஒட்டினால், வெட்டிய எனக்கே மறுநாள் அந்த இடம் எதுவென்று தேட வேண்டியிருக்கிறது. அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிஷம் தனியாகப் பதிந்து வைத்துக்கொண்டால் ஒட்டு இன்னும் சுத்தமாக வரும். அதைவிட முக்கியம், பாட்காஸ்ட் என்பது ஆர்எஸ்எஸ் ஓடை (RSS feed), அதாவது எபிசோடுகளைப் பற்றிச் செயலிகளுக்குத் தெரிவிக்கிற ஒரு பட்டியல். செயலிகளுக்குப் போவது கோப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரிதான், கோப்பு நம் ஹோஸ்டிங் கணக்கில், அதாவது இணையத்தில் நாம் கோப்பைச் சேமித்து வைக்கிற இடத்தில், இருக்கிறது. அதே எபிசோடில் பழைய எம்பி3-ஐ எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். தலைப்பு மாறாது, சுட்டி மாறாது. அதற்குப் பிறகு இரண்டு தடவை அப்படி மாற்றியிருக்கிறோம், ஒருவரும் கவனிக்கவில்லை. ஆனால் ஒன்று, மாற்றுவதற்கு முன்பே போனில் இறக்கி வைத்துக்கொண்டவர்களிடம் பழையது இருக்கத்தான் செய்யும். அதை யாராலும் திரும்ப வாங்க முடியாது.

அதனால் இப்போது வெளியிடுவதற்கு முன்னால் முழு எபிசோடையும் விருந்தினருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு ஒரு வாரம் காத்திருக்கிறோம். 58 எம்பி என்பதால் சுலபமாகப் போய்விடுகிறது, ஜங்ஷனில் ஏறி தென்காசி போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸிலேயே கேட்டு முடித்துவிட்டு "இருபதாவது நிமிஷம் அந்தப் பெயர் வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். வீடியோ காலத்திலும் அனுப்பிப் பார்த்தோம், ஒருவரும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்ததில்லை.

சட்டமும் இந்த விஷயத்தில் கவனமாகத்தான் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு, மனநல நிறுவனத்தில் சிகிச்சை பெறுகிறவரின் புகைப்படத்தையோ அவரைப் பற்றிய தகவலையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது. நம் விருந்தினர் தானே வந்து பேசுகிறார், அதனால் அந்தப் பிரிவு அப்படியே நம்மீது பாயாது. ஆனாலும் சம்மதம் என்பது மைக் போட்ட அன்றைக்கு ஒரு தடவை வாங்கினால் போதும் என்று என்னால் இப்போது நினைக்க முடியவில்லை.

குரல் முழுப் பாதுகாப்பு என்றும் சொல்ல மாட்டேன். நெருங்கிப் பழகினவர்களுக்குக் குரலே போதும், அதுவும் நம் ஊர்ப் பேச்சில் ஒரு "என்னல" போட்டாலே ஆள் தெரிந்துவிடும். குரலை மாற்றும் கருவியைப் போட்டுப் பார்த்தோம், பேச்சில் இருந்த உயிரே போய்விட்டது, அந்த எபிசோடை வெளியிடவில்லை. ஒருவருக்கு மட்டும், அவர் எழுதிக் கொடுத்ததை நண்பன் வாசித்தான், அது நன்றாக வந்தது.

கேமரா இல்லாததால் ஆட்கள் கூடுதலாக மனம் திறக்கிறார்களா என்று கேட்டால், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் எங்களுக்கே இப்போது கேட்கத் தெரிந்திருக்கிறது என்பதும் காரணமாக இருக்கலாம். முன்பு அடுத்த ஷாட் சரியா, போன் சூடாகிறதா என்று ஒரு கண் அங்கேயே இருக்கும். இப்போது வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருந்து "ஆமா" போடுகிறவர் மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார முடிகிறது. எபிசோடின் முதலிலும் கடைசியிலும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416-ஐ வாயாலேயே சொல்கிறோம். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். வீடியோவில் அதைக் கீழே விளக்கத்தில் எழுதி வைத்திருந்தோம், யாராவது அதை விரித்துப் பார்த்தார்களா தெரியாது.

இப்போதைக்கு எங்கள் ஏற்பாடு இதுதான். தொழில்நுட்பம், வேலை பற்றிய பேச்சில் விருந்தினர் விரும்பினால் கேமரா, அதை யூடியூபில் போடுகிறோம். மனசைப் பற்றிய பேச்சு குரல் மட்டும், அது ஓடையில் மட்டும். கேட்கிறவர்கள் எண்ணிக்கை வீடியோ காலத்தில் இருந்ததைவிடக் குறைவுதான். அந்த அண்ணாச்சி தங்கச்சி கல்யாணம் முடிந்து வந்து மறுபடி பேசினார், மாத்திரையைப் பற்றியும் பேசினார். பதிவு அவரிடம் போயிருக்கிறது, வரும் வெள்ளிக்கிழமையோடு ஒரு வாரம் முடிகிறது.