என் புத்தகத்தைத் தைத்த அச்சகம்

சேலத்து சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸுக்கு செட் போட்ட தச்சர்களைப் பற்றித் தாத்தா சொன்ன கதைகளைச் சின்னப் புத்தகமாக்க எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. 80 பக்கம், 100 பிரதி. முதலில் கொடுத்த இடத்தில் பசை விட்டு, பிரித்ததுமே தாள்கள் கையோடு வந்தன. அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் இரண்டாவது அக்ரகாரத்துச் சந்தில் இந்த அச்சகம் கிடைத்தது. பைண்டிங் பெரியவர் ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமும் கிழித்துக் காட்டினார். ஒரு பக்கம் நேராகக் கிழிந்தது, மறுபக்கம் கோணிக்கொண்டு போனது. “நாரு ஓடுற பக்கமா மடிக்கோணுங் கண்ணு, இல்லைன்னா புத்தகம் படியாது” என்றார். ஃபாரம் என்கிற 16 பக்க மடிப்புகள் ஐந்தையும் நூலால் தைத்தே கொடுத்தார். இப்போது மேசையில் விரித்து வைத்தால் கை எடுத்தாலும் மூடுவதில்லை. அட்டை நிறம் நான் கேட்டதைவிடக் கொஞ்சம் அடர்த்தி, நாலு நாள் தாமதம். சரி, அந்தத் தையலுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

சேலம் வருகிறவர்கள் ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவையும் பாருங்கள். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டுடியோவின் வாசல் அது. திரும்பும்போது தட்டுவடை செட் ஒன்று. பீட்ரூட், கேரட் துருவலோடு, காரச் சட்னி தூக்கலாக.

அடுத்து ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் பழம் பறிக்கும் பெண்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். தைக்க அதே பெரியவரிடம் சொல்லிவைத்துவிட்டேன்.