கீமோவில் ஹீமோகுளோபின் இறங்கினால்: ரத்தமா, ஊசியா, இரும்பா?

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தின் மூன்றாவது சுற்று முடிந்த வாரம் ஹீமோகுளோபின் 7.6. கட்டிலிலிருந்து பாத்ரூம் பத்தடிதான், அதற்குள் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவார். டாக்டர் மூன்று வழிகள் சொன்னார். மூன்றும் ஒரே எடையுள்ளவை அல்ல.

மூச்சிரைப்பு, படபடப்பு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ரத்தம்தான். ஒரு பை ஏற்றினால் ஏறக்குறைய 1 கிராம் கூடும், அதுவும் அன்றைக்கே. முதல் 15 நிமிடம் நர்ஸ் பக்கத்திலேயே நின்று, குளிருதா, அரிக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இதயம் பலவீனமானவர்களுக்கு மெதுவாக ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். குறை என்னவென்றால், கீமோ எலும்பு மஜ்ஜையை அமுக்கிக்கொண்டே இருப்பதால் சில வாரத்தில் மறுபடி இறங்கலாம்.

அப்புறம் எரித்ரோபொய்டின் ஊசி. சிறுநீரகம் சுரக்கும் அதே ஹார்மோன்தான், மஜ்ஜையைத் தூண்டி சிவப்பணுக்களை உருவாக்க வைக்கும். வாரம் 40,000 யூனிட், அல்லது அதன் நீண்ட நாள் வேலை செய்யும் வகையான டார்பெபொய்டின் என்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 500 மைக்ரோகிராம். ரத்தம் ஏற்றும் தேவை குறைவது உண்மை, ஆனால் பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும், ரத்தக்கட்டி அபாயமும் கூடும். 2007-ல் வெளியான கனடா ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு ஹீமோகுளோபினை 12-14 வரை ஏற்றப் பார்த்தார்கள். 70 பேரோடு நிறுத்தவேண்டி வந்தது, ஊசி போட்டவர்களின் இடைநிலை ஆயுள் 63 நாள், போடாதவர்களுக்கு 129. பின்னால் 2020-ல், கீமோ எடுக்கும் நான்காம் நிலைக்காரர்கள் சுமார் 2,500 பேரிடம், 12-ஐத் தாண்டவிடாமல் டார்பெபொய்டின் கொடுத்தபோது ஆயுள் குறையவில்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டு பயப்படவும் வேண்டாம், ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போகாமல் தொடங்கவும் வேண்டாம். நோயை முழுசாகக் குணப்படுத்தத்தான் கீமோ என்றால் இந்த ஊசியே கூடாது.

இரும்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கு அதில்தான் வருத்தம். சொந்தக்காரர்கள் பீட்ரூட், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று அன்போடு கொண்டுவந்தார்கள், சாப்பிடட்டும், ஆனால் புற்றுநோயின் அழற்சியில் ஹெப்சிடின் என்ற, இரும்பைத் தடுக்கும் ஹார்மோன் கூடிவிடுவதால் குடல் இரும்பை உள்ளே விடாது, மாத்திரைக்கும் அதே கதி. நரம்பு வழியாக ட்ரிப்ஸில் போனால்தான் சேரும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை மட்டும் நம்பவேண்டாம், அழற்சியில் அது பொய்யாக உயர்ந்து நிற்கும். டிரான்ஸ்ஃபெரின் செறிவும், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எத்தனை சதவீதம் இரும்பு நிரம்பியிருக்கிறது என்பதையும் பாருங்கள், 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் பற்றாக்குறை. ஊசி போடுவதாக இருந்தாலும் இரும்பு இல்லாமல் அது சரியாக வேலை செய்யாது.

அப்பாவுக்கு முன்பே காலில் ரத்தம் உறைந்திருந்ததால் ஊசியைத் தள்ளிவைத்தோம். முதலில் ஒரு பை ரத்தம், டிரான்ஸ்ஃபெரின் செறிவு 14 சதவீதம் என்று வந்ததும் இரும்பு ட்ரிப்ஸ். அடுத்த சுற்றுக்கு முன் ஹீமோகுளோபின் 9.1.