வெளிநாட்டு வீட்டுச் சந்தைத் தரவுகள்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வெளிநாட்டில் வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்று பார்ப்பதற்காகப் பல நாட்டுச் சந்தைகளைச் சில வருடங்களாகத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். 'முதலீட்டுக்கு ஏற்ற பத்து நகரங்கள்' வகைப் பட்டியல்களை இப்போதெல்லாம் திறப்பதே இல்லை. பலவும் விற்காமல் கிடக்கும் அடுக்குமாடிகளுக்கான விளம்பரம்தான். கடைசிவரை கைகொடுத்தவை அரசுப் பதிவேடுகளும் ஓரிரு இலவசத் தரவுத்தளங்களும்.

முதலில் திறப்பது பிஐஎஸ், அதாவது பாசெல் நகரிலுள்ள பன்னாட்டுத் தீர்வு வங்கியின் வீட்டு விலைக் குறியீடு. சுமார் 60 நாடுகளுக்குக் காலாண்டு வாரியாக இருக்கிறது. பணவீக்கத்தைக் கழித்த விலையையும் தனியாகத் தருவதுதான் இதன் பெரிய பலம். துருக்கியில் 2024 முடிவில் வீட்டு விலை ஒரே வருடத்தில் சுமார் 30% ஏறியிருந்தது. தரகர்கள் காட்டும் வரைபடம் அதோடு நின்றுவிடும். அதே சமயம் பணவீக்கம் 44%. ஆக, வீட்டின் உண்மை மதிப்பு இறங்கியிருக்கிறது. குறை என்றால், நாடு முழுவதற்குமான சராசரிதான் பெரும்பாலும் கிடைக்கும்; அதுவும் தாமதமாகத்தான் வரும். எந்த நாட்டைத் தள்ளுபடி செய்யலாம் என்று முடிவெடுக்க அது போதும். எந்தத் தெருவில் வாங்குவது என்பதற்கு உதவாது.

தெருவரை இறங்க வேண்டுமானால் இங்கிலாந்து, வேல்ஸ் நிலப்பதிவகத்தின் விற்பனை விலைப் பட்டியலுக்கு ஈடாக இலவசமாக வேறெதையும் நான் பார்த்ததில்லை. 1995 முதல் பதிவான வீட்டு விற்பனைகள், முகவரியோடு. ஒவ்வொரு வரியிலும் விலை, தேதி, அஞ்சல் குறியீடு, தனி வீடா அடுக்குமாடியா, புதுக் கட்டடமா, நிலம் முழு உரிமையா நீண்டகாலக் குத்தகையா என்று எல்லாம் இருக்கும். நான் வழக்கமாகச் செய்வது இது: ஒரு கட்டடத்தில் 'புதியது' என்று குறித்த ஃபிளாட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, அதே கதவிலக்கங்கள் பிறகு என்ன விலைக்குக் கைமாறின என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். சில கட்டடங்களில் பல வருடம் கழித்தும் மறுவிற்பனை முதல் விலையைத் தாண்டியிருக்காது. விற்பனைக் கையேட்டில் இதை யார் அச்சடிக்கப் போகிறார்கள்? ஒரு எச்சரிக்கை: கடைசி சில மாதங்களின் எண்ணிக்கையைப் பார்த்து 'சந்தை படுத்துவிட்டது' என்று நினைக்க வேண்டாம். பதிவு முடியத் தாமதமாகும். அந்த மாதங்கள் பிறகு நிரம்பும்.

நம்பியோவை வாடகைக்கும் விலைக்குமான விகிதத்தை மேலோட்டமாக அறிய மட்டும் பயன்படுத்துகிறேன். பயனர்களே நிரப்பும் தளம் என்பதால், சின்ன நகரங்களில் நாலைந்து பேர் போட்ட எண்ணே சராசரி ஆகிவிடும்.

இவை எதிலும் தெரியாதது சட்டம். சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் 2023 ஏப்ரல் முதல் கூடுதல் முத்திரை வரி மட்டுமே 60%. கனடா 2023 முதல் வெளிநாட்டவர் வாங்குவதற்குத் தடை போட்டு, அதை 2027 தொடக்கம் வரை நீட்டித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவும் 2025 ஏப்ரலில் இரண்டு வருடத்துக்குப் பழைய வீடுகளுக்குக் கதவை மூடியது. அதனால் வரைபடத்துக்கு முன்பாக அந்த நாட்டு வரித்துறைப் பக்கத்தைப் படித்துவிடுகிறேன். அலுப்பான வேலைதான், ஆனால் பாதி நாடுகள் அங்கேயே கழிந்துவிடும்.

அடுத்தது நாணயம். ஜப்பானில் வெளிநாட்டவர் வீடு வாங்கப் பெரிய தடை கிடையாது, பழைய வீடுகள் மலிவு. ஆனால் 2021 தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 103 ஆக இருந்த யென், 2024 ஜூலையில் 160ஐத் தாண்டியது. டாலரைக் கொண்டுபோய்ப் போட்டவருக்கு, வீட்டின் விலை யென்னில் அசையாமல் இருந்தாலும், டாலர் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துபோயிற்று. ஜப்பானிய வீடுகளில் நான் தேடும் இன்னொன்று கட்டட அனுமதி தேதி. 1981 ஜூனுக்கு முந்தையது என்றால் பழைய நிலநடுக்க விதிப்படி கட்டியது. கடனும் மறுவிற்பனையும் சிரமம்.

'6% வருமானம்' என்ற விளம்பரத்தை நான் பிரிக்கும் விதம் இது. விலை 2,00,000, மாத வாடகை 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் வருடத்துக்குக் கையில் 11,000. நிர்வாகக் கட்டணம் 10% போக 9,900. கட்டடப் பராமரிப்புக்கு 2,500, பழுதுக்கும் காப்பீட்டுக்கும் 900 கழித்தால் 6,500. வாங்கும் செலவு 8% சேர்த்தால் போட்ட மொத்தப் பணம் 2,16,000. வருமானம் 3%, அதுவும் வரிக்கு முன்பு.

கட்டணச் சேவை ஒன்றையும் கொஞ்ச காலம் வைத்திருந்தேன். பளபளப்பான திரை, உள்ளே பெரும்பாலும் இதே அரசு எண்கள், சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. உண்மையில் கையெழுத்தான வாடகை ஒப்பந்தங்களின் தரவு மட்டும் விதிவிலக்கு. பல நாடுகளில் அது இலவசமாகக் கிடைப்பதில்லை, கேட்கும் வாடகைதான் கிடைக்கிறது. அதற்காக மட்டும் ஒரு மாதச் சந்தா கட்டி, வேண்டியதை இறக்கிக்கொண்டு நிறுத்திவிடுவேன்.