துணிப்பூவுக்கும் தொப்பிக்கும்: ஜவ்வரிசிக் கஞ்சியா, வெள்ளைப் பசையா?

துணியை விறைப்பாக்க ஜவ்வரிசிக் கஞ்சி, வெள்ளைப் பசை (ஃபெவிகால் மாதிரி) இரண்டையும் பலமுறை போட்டுப் பார்த்தாச்சு. பூ என்றால் எனக்கு ஜவ்வரிசிக் கஞ்சிதான். ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஊறவைத்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி வடிகட்டி, ஆறியதும் பருத்தித் துணியை அதில் முக்கிப் பிழிந்து நிழலில் விரித்துக் காயவைத்து, அதற்கப்புறம் இதழ் வெட்டினால் ஓரத்தில் நூல் அவ்வளவாகப் பிரியாது. சூடுபடுத்திய கரண்டியின் முதுகால் அழுத்தினால் இதழ் அப்படியே குழிந்து நிற்கும். பசை போட்ட இதழில் இது நடக்காது. சூடு பட்டதும் பசை இளகிக் கரண்டியோடு வந்துவிடும்.

தொப்பிக்கு நேர்மாறு. கஞ்சி போட்ட விளிம்பு மழைக்கால ஈரக்காற்றிலேயே தொய்ந்துவிடும், கரப்பான் வேறு கடிக்கும். வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நன்றாக ஊறவிட்டு, பாலித்தீன் சுற்றிக் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் ஈரத்தோடு போர்த்தி ஒரு நாள் முழுக்க விடுங்கள். பாதி காய்ந்ததும் கழற்றி ஒரு நல்ல லினன் தொப்பியை இழந்திருக்கிறேன், விளிம்பு அலை அலையாகப் போய்விட்டது.

கறுப்புத் துணியில் பசை திட்டுத்திட்டாக மினுங்கும், முதலில் ஒரு துண்டில் பார்த்துவிடுங்கள். கஞ்சி மீந்தால் கொட்டிவிடுங்கள், மறுநாளே புளிக்கும்.