லண்டன் வீட்டில் குடியிருந்தபடியே எக்ஸ்டென்ஷன்: சில குளிர்காலங்களுக்குப் பிறகு

லண்டனின் வடமேற்கே ஹாரோவில், 1930களில் கட்டப்பட்ட, ஒரு பக்கச் சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிரும் செமி வீடு ஒன்று எங்களுடையது. அதன் குறுகலான சமையலறையையும் சாப்பாட்டு அறையையும் ஒன்றாக்கி, தோட்டப் பக்கமாக 3 மீட்டர் நீட்டிக் கட்டினோம். வேலை முடியும்வரை வேறு வீடு எடுக்காமல் உள்ளேயே இருந்தோம். முடிந்த பிறகு சில குளிர்காலங்களையும் ஒரு கடும் கோடையையும் அந்த அறையில் கழித்துவிட்டோம். பில்டர் சொன்ன காலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிடித்தது. அப்போது எரிச்சலூட்டிய அந்தத் தாமதத்தை இன்று வேறுவிதமாகப் பார்க்கிறேன்: பொறுமையாக நடந்த வேலைகள் எதிலும் இதுவரை பழுது இல்லை, அவசரமாக முடித்த இடங்கள்தான் கண்ணை உறுத்துகின்றன.

கடப்பாரை விழுவதற்கு முன்பே மாதங்கள் போய்விடும். ஒட்டு வீடுகளில் பின்பக்கம் 3 மீட்டர் வரையிலான ஒற்றைத் தள நீட்டிப்புக்கு, உயரம் முதலிய சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பொதுவாகத் தனியே திட்ட அனுமதி வாங்கத் தேவையில்லை என்பதால் பலரும் அந்த அளவிலேயே நின்றுகொள்கிறார்கள். ஆனால் அண்டை வீட்டைப் பாதிக்கக்கூடிய சுவர், அஸ்திவார வேலைகளுக்கான 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் (பொதுச் சுவர்) சட்டத்தில் அந்த விலக்கு செல்லாது. அண்டைக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் ஒரு மாதத்துக்கு முன்பும், பொதுச் சுவரில் கை வைத்தால் இரண்டு மாதத்துக்கு முன்பும் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். 14 நாட்களுக்குள் எழுத்தில் சம்மதம் வராவிட்டால் அதைத் தகராறு என்றே சட்டம் கொள்ளும். அதைத் தீர்க்க அமர்த்தும் சர்வேயரின் கட்டணம் பெரும்பாலும் கட்டுபவர் தலையில்தான். நாங்கள் தபாலை நம்பாமல் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரில் போனோம். பக்கத்து வீட்டு அம்மையார், தம் ரோஜாச் செடிகளின்மேல் தூசி விழாமல் மூடித்தர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு கையெழுத்திட்டார். இன்னொரு தாமதம் மண்ணுக்கடியில் காத்திருந்தது. இவ்வகை வீடுகள் பலவற்றில் கழிவுநீர்க் குழாய் பின்தோட்டங்கள் வழியே வீடு வீடாக ஓடுகிறது; 2011 அக்டோபர் முதல் இப்படிப் பகிர்ந்துகொள்ளும் குழாய்கள் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்புக்குப் போய்விட்டதால், அவற்றின்மேல் கட்டுவதற்கு அவர்களுடைய ஒப்புதலும் வேண்டியிருந்தது.

உள்ளே இருந்தபடி வேலை பார்க்க நினைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது தற்காலிகச் சமையலறையைப் பற்றி. நாங்கள் முன்னறையின் மூலையில் ஒரு பழைய மேசையைப் போட்டு, இரட்டை இன்டக்ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜ் ஆகியவற்றை வைத்துக்கொண்டோம். பாத்திரம் கழுவ மாடிக் குளியலறைதான். அலுமினிய வாணலிகள் இன்டக்ஷனில் சூடேறாது என்பதால் அட்டைப்பெட்டிக்குள் போயின. இரும்புத் தோசைக்கல் மட்டும் புது அடுப்போடு ஒத்துப்போனது. பின்சுவர் இடிக்கப்பட்டு வெறும் பாலிதீன் திரை தொங்கிய குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்க இடமே இல்லை. சுடுதண்ணீர் சிலிண்டர் இருந்த மாடி அலமாரிக்குள், துணிகளுக்கு நடுவே மாவுப் பாத்திரத்தை வைத்தோம்; காலையில் பொங்கி மூடியைத் தள்ளியிருக்கும். பிறகு, தண்ணீரைத் தேக்கிவைக்காமல் வேண்டும்போது சுடவைக்கும் காம்பி பாய்லர் வந்தபோது சிலிண்டரோடு அந்த வசதியும் போயிற்று. தூசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஜிப் வைத்த திரை, கதவிடுக்கில் டேப், எல்லாம் செய்த பிறகும் அரிசி டப்பாவின் மூடிமேல் தினமும் வெள்ளையாகப் படியும். ஊரில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் டீ வாங்கித் தருகிற வழக்கம் இங்கும் பொருந்தும் என்பது ஆறுதலான செய்தி. இரண்டு கரண்டி சர்க்கரையோடு திடமாகப் போட்டுக் கொடுத்தால் மறுநாள் எட்டு மணிக்கு முன்பே வந்துவிடுகிறார்கள்.

வேலை நின்ற இடங்களில் முதலாவது சாப்பாட்டு அறையின் உட்கூரை. சுழிசுழியாக அலங்காரம் செய்த ஆர்டெக்ஸ் பூச்சு அது. 1980களின் நடுப்பகுதி வரை இந்தப் பூச்சில், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. அது பிரிட்டனில் முழுமையாகத் தடை செய்யப்பட்டதே 1999இல்தான். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வரும்வரை யாரும் அந்தக் கூரையைத் தொடவில்லை.

அடுத்தது, வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புலப்படவே புலப்படாத ஒன்று. எங்கள் வீட்டின் பழைய பகுதியில் தரை மரத்தாலானது; பலகைக்கு அடியில் காற்று ஓடுவதற்காக முன்சுவரிலும் பின்சுவரிலும் ஏர்பிரிக் எனப்படும் துளைச் செங்கற்கள் வைத்திருக்கிறார்கள். பின்னால் கான்கிரீட் தரை போட்டால் அந்தத் துளைகள் அடைபட்டு, நாளடைவில் உத்திரங்கள் ஈரத்தில் உளுத்துப்போகும். வேலை கட்டட விதிகளின்படி நடக்கிறதா என்று சரிபார்க்கும் பில்டிங் கண்ட்ரோல் ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, பழைய துளைகளிலிருந்து புதுச் சுவர்வரை கான்கிரீட்டுக்கு அடியில் குழாய் பதித்த பிறகே ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். கான்கிரீட் வண்டிக்குச் சொல்லியிருந்த நாள் தள்ளிப்போனது. பில்டர் முகம் சுளித்தார். எனக்கோ, ஆய்வாளருக்குக் கட்டிய கட்டணத்தின் மதிப்பு அன்றுதான் விளங்கிற்று.

ஸ்க்ரீட் எனப்படும் மணல்-சிமென்ட் மேற்பூச்சுதான் எல்லோருடைய பொறுமையையும் சோதித்தது. முதல் 50 மில்லிமீட்டர் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் காயும், அதற்கு மேல் இன்னும் மெதுவாகக் காயும் என்பது இங்குள்ள தச்சர்கள் வைத்திருக்கும் கணக்கு. தரைக்கடி வெப்பக் குழாய்களை மூடிய எங்கள் ஸ்க்ரீட் 75 மில்லிமீட்டர் கனம். ஆக, மூன்று மாதத்தைத் தாண்டும். ஈரமானியில் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை மரத்தரை போட மாட்டேன் என்று தச்சர் பிடிவாதமாக நின்றார். அந்த ஓக் பலகைகளில் இன்றுவரை ஒன்றுகூடத் தூக்கவில்லை. அதே அறையின் இடது சுவரைப் பாருங்கள்: கிறிஸ்துமஸுக்குள் ஒப்படைத்துவிட வேண்டும் என்ற பரபரப்பில், சுவர்ப்பூச்சு நன்றாக உலர்வதற்கு முன்பே, நீர்த்த பெயின்டில் முதல் கை அடிக்காமலும் பெயின்ட் அடித்தார்கள். இரண்டாம் ஆண்டிலேயே அது தோல் உரிவதைப்போல் உரியத் தொடங்கிவிட்டது.

தாமதத்தால் கிடைத்த பெரிய லாபம் அடுப்பின் இடம். முதல் வரைபடத்தில் அறையின் நடுவே தீவுமேடை, அதில் அடுப்பு, மேலே காற்றைக் கரிவடிகட்டி வழியாகச் சுற்றி அறைக்குள்ளேயே விடும் ஹூட். பாஸ்தா வேகவைக்கும் குடும்பத்துக்கு அது போதும். கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளிக்கும் வீட்டுக்கு அது அலங்காரப் பொருள். ஸ்க்ரீட் காய்ந்த மாதங்களில் முன்னறையில் சமைத்து, சோபாவரை தாளிப்பு வாசனையோடு வாழ்ந்த பிறகு, அடுப்பை வெளிச்சுவருக்கு மாற்றச் சொன்னோம். கேபினெட் இன்னும் ஆர்டர் செய்யப்படாததால் செலவும் அதிகமில்லை. கட்டட விதிகள் அடுப்புக்கு மேலிருக்கும் விசிறிக்குக் கேட்பது நொடிக்கு 30 லிட்டர், அது குறைந்தபட்சம்தான். நாங்கள் அதைவிடப் பல மடங்கு இழுக்கும் ஹூட்டை வாங்கி, 150 மில்லிமீட்டர் குழாயை வளைவே இல்லாமல் நேராகச் சுவருக்கு வெளியே விட்டோம். வளைவு கூடக்கூட இழுவை குறையும், சத்தம் கூடும். திறந்த அமைப்பு நாகரிகம் என்று எல்லோரும் சொன்னாலும் நடைக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள கதவை எடுக்க விடவில்லை. மாடியில் தொங்கும் கோட்டுகளில் மீன்குழம்பு மணக்காமல் இருப்பது அந்தக் கதவினால்தான்.

தரைக்கடி வெப்பம் நல்லதுதான், ஆனால் சோம்பேறி. காலை ஆறு மணிக்குச் சூடு வேண்டுமென்றால் விடிவதற்கு வெகுமுன்பே தொடங்க வேண்டும். கூரைக் கண்ணாடிகளைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் அவை தரும் பகல்வெளிச்சம் பெரிய கொடை. 2022 ஜூலையில் இங்கிலாந்தில் வெப்பம் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டிய அன்றோ அறைக்குள் கால் வைக்க முடியவில்லை. திறக்கக்கூடிய கண்ணாடியும் வெளிப்பக்கத் திரையும் இல்லாமல் தெற்கு நோக்கிய கூரையில் இவற்றை வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பண விஷயத்தில் ஒன்று: புதிதாகக் கட்டும் வீட்டுக்கு இங்கே வாட் வரி பூஜ்யம், இருக்கும் வீட்டைத் திருத்தினால் பொதுவாக 20 சதவீதம். நியாயமில்லை என்பது என் கருத்து, ஆனால் மதிப்பீடு கேட்கும்போது வரியோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும். மொத்தத் தொகையில் 5 சதவீதத்தை மூன்று மாதம் நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம்; தோட்டக் கதவு இறங்கிச் சிக்கியபோது பில்டர் மறுவாரமே வந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். வீட்டை விற்கும் நாளில் முதலில் கேட்கப்படும் காகிதம் பில்டிங் கண்ட்ரோலின் நிறைவுச் சான்றிதழ். அது கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைத் தந்தோம்.

மின் இணைப்புகள்தான் அவசரத்தின் இன்னொரு பலி. பூச்சுக்காரர் மறுநாள் வருகிறார் என்று சாக்கெட்டுகளின் இடத்தை ஒரே மாலையில் குறித்துவிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த கிரைண்டருக்கு பிளக்கை மாற்றியதே போதுமானதாயிற்று, மின்னழுத்தம் இரு நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் மேடையில் அதைச் சொருக வேண்டுமானால் கெட்டிலையோ மிக்ஸியையோ பிடுங்க வேண்டும். கூடுதலாக இரண்டு சாக்கெட் வைக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறோம். டைல்ஸை உடைத்துத்தான் வைக்க முடியும் என்கிறார்.